ஊர்ப்பெயரும் வசைப்பெயரும்

மக்கட்குப் பெயர் அமையும் வழிகளுள் ஊராலும் நாட்டாலும் அமைவது மிகத் தொன்மையானது. இவ்வாறு இடத்தால் வரும் பெயரை நம் இலக்கண நூலார் இடப்பெயர் என்று வகுத்தனர். வெற்பில் வாழ்பவன் வெற்பன். ஊரில் வாழ்பவன் ஊரன். சங்கப் புலவருள் பலர்க்கு ஊர்ப்பெயரே அடையாளம். கோவூர்கிழாரின் இயற்பெயர் இன்னதென்று நாம் அறியோம். ஆயினும் அவர் ஊரின் பெயர் அவரை ஈராயிரம் ஆண்டாகத் தாங்கி நிற்கின்றது. ஆலங்குடி வங்கனாரை வேறு வங்கனாரிடமிருந்து பிரித்துக் காட்டுவதும் ஊரே. ஊரால் ஒருவரை அழைத்தல் அக்காலத்தில் பெருமை தருவதாகவே இருந்தது.

ஆங்கிலத்திலும் இம்மரபு உண்டு. இடப்பெயரோடு விகுதி ஒன்றைச் சேர்த்து அம்மொழியினர் ஆட்பெயர் ஆக்குவர். ஏதென்ஸ் நகரத்தான் ‘ஏதீனியன்’. கார்த்தேஜ் நகரத்தான் ‘கார்த்தஜீனியன்’. இவ்விகுதி இலத்தீன் வழி வந்தது. ‘ஐட்’ என்று முடியும் மற்றொரு விகுதி கிரேக்கத்திலிருந்து வந்தது. விவிலிய மொழிபெயர்ப்பின் வாயிலாக ‘கானனைட்’, ‘மோவபைட்’, ‘ஹிட்டைட்’ போன்ற பெயர்கள் அவ்விகுதியோடு ஆங்கிலத்தில் வேரூன்றின. பேரறிஞர் அரிஸ்டாட்டில் ஸ்டாகிரா என்னும் சிற்றூரிற் பிறந்தவர். அவரை ‘ஸ்டாகிரைட்’ என்று ஊரால் குறிக்கும் வழக்கும் ஆங்கில நூல்களில் உண்டு. நம் கோவூர்கிழாரை ஒத்ததே இது.

இம்மட்டில் குறை கூற ஒன்றும் இல்லை. ஆனால் ஆங்கில அகராதியைப் பொறுமையாகப் புரட்டுவோர் வேறொன்றையும் காண்பர். பண்டை மக்களின் பெயர்கள் சில, முதலெழுத்துப் பெரிய வடிவிலிருந்து சிறிய வடிவிற்கு இறங்கி, பொதுச்சற்களோடு பொதுச்சொற்களாய்க் கலந்துவிட்டன. ‘வாண்டல்’ என்றால் கண்டதை அழிப்பவன். ‘பிலிஸ்டைன்’ என்றால் கலைநயம் அறியாதவன். ‘சிபரைட்’ என்றால் சுகபோகத்தில் மூழ்கியவன். ‘பியோஷியன்’ என்றால் மந்தமதியினன். இவற்றையெல்லாம் ஆகுபெயர் என்று எளிதில் சொல்லிவிட்டு மேலே செல்லலாம். ஆனால், ஒரு மக்கட்கூட்டம் முழுவதையும் ஒரே குணத்தின் பெயராக ஆக்கிய தீர்ப்பை எழுதியவர் யாவர்? அம்மக்களை ஒரு வாய்ச்சொல்லேனும் கேட்டனரா? இவ்வினாக்கள் என் உள்ளத்தில் எழுந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதை மறைக்காமல் கூறுகின்றேன்.

நான் பணியில் இருந்த நாளில் ஒன்பதாம் வகுப்பிற்கு ஆகுபெயர் கற்பித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வட்டாரத்தில் ஒரு சிற்றூர் உண்டு. அதன் பெயரைச் சொன்னாலே கருமி என்று பொருள். அப்படி ஒரு பழக்கம் அப்பகுதியில் ஊன்றியிருந்தது. எடுத்துக்காட்டு வேண்டி அவ்வூர்ப் பெயரையே நான் எடுத்து மொழிந்தேன். வகுப்பு முழுவதும் கொல்லென்று சிரித்தது. கடைசி வரிசையில் ஒரு மாணவன் மட்டும் தலை கவிழ்ந்திருந்தான். அவன் அவ்வூரினன் என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. மறுநாள் அவன் என்னிடம் வந்து, “ஐயா எங்கள் ஊருக்கு வந்ததுண்டா?” என்று மெல்லக் கேட்டான். இல்லை என்றேன். “எங்கள் ஊர் மானாவாரி ஐயா. ஏரி நிறைவது மூன்றாண்டுக்கு ஒருமுறைதான். ஆனாலும் கோடையில் சாலையோரம் தண்ணீர்ப் பந்தல் வைக்காத ஆண்டு இல்லை” என்றான். அவன் குரலில் சினம் இல்லை. அதுவே என்னைச் சுட்டது. இருக்கும் நீரை எண்ணி எண்ணிச் செலவிடும் ஊரை, நீர்வளம் உடைய பக்கத்து ஊரார் கருமி என்றனர் போலும். அவர்கள் வாய்ச்சொல்லை நான் வகுப்பிற்குக் கொணர்ந்து, இலக்கணம் என்னும் முத்திரையும் குத்திக் கொடுத்தேன்.

அன்று முதல் அகராதியில் இத்தகைய சொல் எதைக் கண்டாலும் அம்மாணவனின் வினா என் செவியில் ஒலிக்கும். அவ்வூருக்குச் சென்றதுண்டா?

பொயோட்டியாவை முதலில் நோக்குவோம். கிரேக்க நாட்டில் ஏதென்ஸ் நகரத்தாரின் வடமேற்கு எல்லையை அடுத்தது இந்நிலம். தீப்ஸ் என்பது அதன் பெருநகரம். ஏதென்ஸ் நகரத்தார்க்கும் இவர்கட்கும் நெடுநாட் பகை. பொயோட்டியர் உழவர், உண்டு கொழுத்த மூடர் என்பது ஏதென்ஸ் நகரத்தாரின் ஏளனம். பிற்காலத்தில் உரோம அறிஞர் சிசரோ இதற்குக் காரணமும் கற்பித்தார்: ஏதென்ஸ் நகரின் காற்று மெல்லியது, ஆதலின் அங்குள்ளோர் கூரறிவினர், தீப்ஸ் நகரின் காற்றுத் தடித்தது, ஆதலின் அங்குள்ளோர் மந்தர். இத்தடித்த காற்றைச் சுவாசித்து வாழ்ந்தவர் எவர் எவர் என்று பாருங்கள். உழவின் சிறப்பைப் பாடிய பழங்கவிஞர் ஹெசியட் பொயோட்டியாவில் அஸ்கிரா என்னும் ஊரில் வாழ்ந்தவர். வெற்றி வீரர்களைப் பாடிய பிண்டார் தீப்ஸ் நாட்டவர். பெருமக்களின் வரலாறுகளை இணை இணையாக எழுதிய புளுட்டார்க் பொயோட்டியாவின் கெய்ரோனியா நகரினர். இம்மூவரையும் நீக்கிவிட்டால் கிரேக்க இலக்கியம் எவ்வளவு மெலிந்துபோகும் என்பதை அறிஞர் அறிவர். ஆயினும் அகராதியில் பொயோட்டியன் மூடனே.

சோலி என்னும் நகரின் கதை இதனினும் சுவையானது. இலக்கண ஆசிரியனாகிய எனக்கு உவப்பானதும் ஆகும். இன்றைய துருக்கியின் தென்கடற்கரையில், சிலீசியா என்று அன்று வழங்கிய நாட்டில் அமைந்த கிரேக்கக் குடியேற்றம் அது. தாய்நிலத்தை விட்டு நெடுந்தொலைவு சென்ற அந்நகரத்தாரின் பேச்சில் அயன்மொழி கலந்து வழுக்கள் மிகுந்தன என்று ஏதென்ஸ் நகரத்தார் நகைத்தனர். அவ்வூர்ப் பெயரிலிருந்தே சொற்றொடர் வழுவிற்குச் ‘சாலிசிசம்’ என்று பெயர் வந்தது. ஆங்கில இலக்கண நூல்களில் இன்றும் அச்சொல் வழங்குகின்றது. ஆனால் ஸ்டோயிக்கர் என்னும் மெய்யறிவுப் பள்ளியின் மூன்றாம் தலைவராய் விளங்கி, தருக்கத்தையும் மொழியியலையும் வளர்த்த கிரிசிப்பஸ் அச்சோலி நகரினர். விண்மீன்களைப் பாடிய அராட்டஸ் என்னும் புலவரும் அந்நகரினரே. அவர் நூலைச் சிசரோவே இலத்தீனில் மொழிபெயர்த்தார். வழுவுக்குப் பெயர் தந்த ஊர், வழுவின்றி எண்ணவும் எழுதவும் வழிகாட்டிய இருவரையும் தந்தது. இதைக் கூறும் இலக்கண நூல் ஒன்றையும் நான் கண்டதில்லை.

வசைப்பெயரில் மட்டும் அன்று, புகழ்ப்பெயரிலும் இவ்விடர் உண்டு. ‘ஸ்பார்ட்டன்’ என்பது ஆங்கிலத்தில் எளிமைக்கும் மனவுறுதிக்கும் பெயர். அந்நாட்டின் மற்றொரு பெயராகிய லக்கோனியாவிலிருந்து ‘லக்கானிக்’ என்ற சொல்லும் பிறந்தது. சுருங்கச் சொல்லுதல் என்பது பொருள். மாசிடோனிய மன்னன் பிலிப், “நான் உம் நாட்டிற்குள் நுழைந்தால்” என்று அடுக்கடுக்காய் அச்சுறுத்தி ஓலை விடுப்ப, அவர்கள் “நுழைந்தால்” என்ற ஒரே சொல்லை விடையாக அனுப்பினர் என்பது கதை. கேட்க இனிதாகவே உள்ளது. ஆனால் ஸ்பார்ட்டா நகரத்தார் உழவில்லை, நெசவில்லை, வாணிகமும் செய்ததில்லை. அவர்க்குச் சோறிட்டவர் ஹெலட்டுகள் என்னும் அடிமை மக்கள். மெசீனியா என்னும் அண்டை நாட்டை வென்று அந்நாட்டாரையே உழவடிமைகள் ஆக்கி, விளைவில் பாதியைப் பறித்தனர். ஆண்டுதோறும் ஆட்சியாளர் பதவி ஏற்கும்போது ஹெலட்டுகள்மீது போர் தொடுத்ததாக அறிவிப்பது அவர்தம் வழக்கம் என்று அரிஸ்டாட்டில் கூறியதாகப் புளுட்டார்க் எழுதுகின்றார். அவ்வாறு அறிவித்துவிட்டால் அடிமையைக் கொல்வது பாவம் ஆகாதாம்! பிறர் உழைப்பில் உண்டு எளிமையாய் வாழ்ந்தவன் பெயர் புகழ்ச்சொல் ஆயிற்று. உழைத்தவன் பெயராகிய ‘ஹெலட்’ இழிசொல் ஆயிற்று. மெசீனிய அடிமைகட்கு விடுதலை தந்தவர் யார் தெரியுமா? கி.மு. 371 இல் லியூக்ட்ராப் போர்க்களத்தில் ஸ்பார்ட்டாவை முறியடித்து, கி.மு. 369 இல் மெசீனியர்க்கென ஒரு தலைநகரை எழுப்பிக் கொடுத்த எபமினாண்டஸ். அவர் தீப்ஸ் நகரத்தார். மந்தமதியினர் என்று அகராதி கூறும் பொயோட்டியர்!

இத்தாலியின் தென்பகுதியில் சிபரிஸ் என்று ஒரு செல்வ நகரம் இருந்தது. மலர்ப்படுக்கையில் ஓரிதழ் மடிந்தமையால் உறக்கம் கெட்டது என்று அந்நகரத்தான் ஒருவன் வருந்தினானாம். இவ்வாறு பல கதைகள். கி.மு. 510 இல் பக்கத்து நகரமாகிய கிரோட்டன் அதனை வென்று, ஆற்றைத் திருப்பி அதன்மீது பாயவிட்டு அழித்தது. நகரம் வண்டலுக்கு அடியிற் கிடக்க, கதைகள் மட்டும் மேலே மிதந்தன.

இனி, கார்த்தேஜ். இதனைச் சற்று விரிவாகக் கூறவேண்டும். லெபனான் நாட்டுத் தயர் நகரிலிருந்து கடலோடிய மக்கள் வட ஆப்பிரிக்காவில், இன்றைய துனிசு நகரின் அருகில் அமைத்த பட்டினம் இது. தம் மொழியில் அதனைக் ‘கர்த் ஹதாஷ்ட்’ என்றனர். புதுநகரம் என்பது பொருள். அவர்தம் முன்னோரைக் கிரேக்கர் ‘பொய்னிக்கர்’ என்றனர். அது கிரேக்கர் இட்ட பெயர். அவர்கள் தம்மை அங்ஙனம் அழைத்துக்கொண்டவர் அல்லர். உரோமர் அப்பெயரைப் ‘பொய்னி’ என்று திரித்தனர். அதிலிருந்து வந்த ‘பியூனிக்’ என்னும் அடை ஆங்கிலத்தில் இன்றும் உண்டு. ‘பியூனிக் நம்பிக்கை’ என்றால் நம்பிக்கைத் துரோகம். வாக்குத் தவறுவதே அம்மக்களின் இயல்பு என்பது உரோமர் துணிபு.

வாக்குத் தவறியவர் யார் என்பதைக் கி.மு. 149 இல் நடந்ததைக் கொண்டு நீங்களே முடிவு செய்யலாம். இரண்டு பெரும்போர்களில் தோற்று ஒடுங்கியிருந்த கார்த்தேஜ் நகரத்தாரிடம் உரோமர் மேன்மக்களின் பிள்ளைகள் 300 பேரைப் பிணையாகக் கேட்டனர், நகரத்தார் கொடுத்தனர். படைக்கலம் அனைத்தையும் ஒப்படைக்கச் சொன்னார்கள்; அதையும் ஒப்படைத்தனர். கையில் வாள் ஒன்றும் இல்லை என்று உறுதியான பிறகு உரோமர் கடைசி ஆணையை வெளியிட்டனர்: நகரை விட்டு நீங்குக, கடலுக்குப் பத்துக் கல் தொலைவிற்கு உள்ளே சென்று குடியமர்க! கடலால் வாழ்ந்த மக்களைப் பார்த்துக் கடலை மறந்துவிடு என்பது சாவாணைக்கு நிகர். அவர்கள் மறுத்தனர். மூன்றாண்டு முற்றுகைக்குப் பின், கி.மு. 146 இல் நகரம் எரிந்தது. எஞ்சியோர் அடிமைகளாய் விற்கப்பட்டனர். அதே ஆண்டில் கிரேக்க நாட்டின் கொரிந்து நகரையும் உரோமர் அவ்வாறே அழித்தனர்.

அம்மக்களின் நூல்கள் என்ன ஆயின? நூல்நிலையங்களை ஆப்பிரிக்கச் சிற்றரசர்களுக்கு உரோமர் பகிர்ந்தளித்தனர் என்று பிளினி எழுதுகின்றார். அவை எவையும் நம் கைக்கு வரவில்லை. மாகோ என்பவர் உழவைப் பற்றி எழுதிய 28 பகுதிகள் கொண்ட பெருநூலை மட்டும் உரோமப் பேரவை இலத்தீனில் மொழிபெயர்க்கக் கட்டளையிட்டது. பயன் கருதியே அன்றி வேறில்லை. அம்மொழிபெயர்ப்பும் முழுமையாய் எஞ்சவில்லை. ஹானிபாலின் வரலாற்றைக்கூட அவன் பகைவரும் அவர்தம் நண்பரும் எழுதிய நூல்களிலேயே நாம் படிக்கின்றோம். வழக்கில் ஒரு கட்சிக்காரரின் ஆவணம் முழுவதையும் எரித்துவிட்டு, மற்றொரு கட்சிக்காரரே தீர்ப்பு எழுதினால் அத்தீர்ப்பை ஏற்பார் உளரோ? அகராதி ஏற்றுக்கொண்டுள்ளது.

பெலிஸ்தியர் நிலையும் இதுவே. விவிலியத்தைப் படித்தோர் காசா, அஸ்கலோன், அஸ்தோத்து, எக்ரோன், காத்து என்னும் ஐந்து நகர்களையும் கோலியாத்து என்னும் வீரனையும் அறிவர். எகிப்திய மன்னன் மூன்றாம் ராம்சேசின் கல்வெட்டில் ‘பெலெசெத்’ என்று குறிக்கப்படுவோர் இவர்களே. 17 ஆம் நூற்றாண்டளவில் ஜெர்மானியப் பல்கலைக்கழக மாணவர், கல்வி பயிலாத நகரத்தாரை ஏளனமாகப் ‘பிலிஸ்டர்’ என்றனர். ஆங்கிலத் திறனாய்வாளர் மாத்தியூ ஆர்னால்டு 1869 இல் வெளியிட்ட நூலில் கலைப்பற்று இல்லாத நடுத்தர வகுப்பினர்க்கு அப்பெயரைச் சூட்டி நிலைநிறுத்தினார். ஆனால் மண்வெட்டி வேறு கதை சொல்லுகின்றது. பெலிஸ்திய நகரங்களை அகழ்ந்தோர், சிவப்பும் கறுப்புமாய்ப் பறவையும் சுழிகளும் தீட்டிய அழகிய மட்கலங்களைக் கண்டனர். எக்ரோனில் ஒலிவ எண்ணெய் ஆட்டும் செக்குகள் நூற்றுக்கும் மேற்பட்டவை வெளிப்பட்டன. 1996 இல் அவ்வூர் மன்னன் ஒருவன் தன் தெய்வத்திற்குக் கோயில் எடுத்ததைப் பொறித்த கல்வெட்டும் கிடைத்தது. 2019 இல் வெளியான மரபணு ஆய்வு, அஸ்கலோனில் புதைக்கப்பட்ட பழைய உடல்களில் தென் ஐரோப்பிய மரபின் கலப்பு உண்டு என்று காட்டிற்று. மட்கலத்தில் மலர்ந்த கலை, அவர்தம் பெயரில் மட்டும் மலரவில்லை!

இனி வாண்டல்களைக் காண்போம். இவர்கள் ஜெர்மானிய இனத்தார். கி.பி. 406 இன் இறுதியில் ரைன் ஆற்றைக் கடந்து, ஸ்பெயினில் தங்கி, கெய்செரிக் என்னும் தலைவனின்கீழ் 429 இல் ஆப்பிரிக்கா புகுந்து, 439 இல் கார்த்தேஜைக் கைப்பற்றினர். 455 இல் உரோம் நகருட் புகுந்து பதினான்கு நாள் கொள்ளையிட்டனர். இவர்கள் நல்லவர்கள் என்று நான் வாதிடவில்லை. ஆப்பிரிக்காவில் தம் சமயக் கொள்கைக்கு மாறுபட்டோரை இவர்கள் துன்புறுத்தியதும் உண்மை. எனினும் கொள்ளை வேறு. கட்டியவற்றை வெறிகொண்டு இடித்தல் வேறு. கொலையும் தீவைப்பும் வேண்டா என்று போப்பாண்டவர் லியோ வேண்டிக்கொள்ள, கெய்செரிக் இசைந்தான் என்று அக்காலக் குறிப்பு ஒன்று கூறுகின்றது. அவன் கொண்டுசென்றவற்றுள் எருசலேம் கோயிலின் பொருள்களும் இருந்தன என்பர் வரலாற்றாசிரியர் புரோக்கோப்பியஸ். எருசலேம் கோயிலின் பொருள்கள் உரோமிற்கு வந்தது எப்படி? கி.பி. 70 இல் உரோமர் அக்கோயிலைத் தீக்கு இரையாக்கிக் கொள்ளையடித்துக் கொணர்ந்தவை அவை. கோயிலை எரித்து எடுத்தவன் பெயர் அகராதியில் வசைச்சொல் ஆகவில்லை. அவனிடமிருந்து எடுத்தவன் பெயரே வசைச்சொல் ஆயிற்று.

இப்பெயரை வசையாக நிலைநாட்டியவர் கொடியவரும் அல்லர். பிரெஞ்சுப் புரட்சியின்போது மக்கள் சினங்கொண்டு கோயில்களையும் ஓவியங்களையும் நூல்களையும் அழித்தனர். அதனைத் தடுக்க 1794 இல் கிரகுவார் என்னும் பேராயர் பேரவையில் அறிக்கை வைத்தார். அதில் அவ்வழிவைக் குறிக்க ‘வாண்டலிசம்’ என்ற சொல்லை வழங்கினார். அவர் அடிமை வாணிகத்தை எதிர்த்தவர். யூத மக்களுக்குக் குடியுரிமை வேண்டியவர். அத்தகைய சான்றோரே, தம் நாட்டார் செய்த குற்றத்தை ஆயிரத்திருநூறு ஆண்டுக்கு முன் மறைந்த இனத்தின் பெயரால் அழைத்தார். மறைந்தவர் மறுமொழி கூறாரன்றோ?

ட்ராய் நகரத்தார்க்கு நேர்ந்ததோ வேடிக்கை. மரக்குதிரையைச் செய்தவர் கிரேக்கர். உள்ளே ஒளிந்தவரும் கிரேக்கரே. ஏமாந்தவர் ட்ராய் மக்கள். ஆனால் குதிரைக்குப் பெயர் ‘ட்ரோஜன் குதிரை’! இன்று கணிப்பொறிக்குள் நண்பனைப் போல நுழைந்து கேடு செய்யும் கள்ள நிரலையும் ‘ட்ரோஜன்’ என்றே சுருக்கி அழைக்கின்றனர். வஞ்சித்தவன் பெயர் மறைந்து, வஞ்சிக்கப்பட்டவன் பெயர் வஞ்சனைக்கே பெயராயிற்று.

வசையாகாத பெயர்களும் பெரும்பாலும் பிறர் இட்டவையே. எகிப்தியர் தம் நாட்டைக் ‘கெமெத்’ என்றனர். கரிய மண்ணின் நாடு என்பது பொருள். மெம்பிஸ் நகரத்துக் கோயில் ஒன்றின் பெயரே கிரேக்கர் வாயில் ‘ஐகிப்டோஸ்’ ஆகி, எகிப்து ஆயிற்று. கிரேக்கரோ தம்மை ‘ஹெலீனியர்’ என்றனர். அவர்களுள் ஒரு சிறு குழுவின் பெயரை உரோமர் அனைவர்க்கும் பொதுவாக்கினர். கீழைநாட்டார் அயோனியா என்னும் மற்றொரு பகுதியின் பெயரைப் பொதுவாக்கினர். நம் சங்கப் பாடல்களில், பொன்னொடு வந்து மிளகொடு மீளும் கலங்களுக்கு உரியோராகச் சொல்லப்படும் யவனர் அப்பெயரினரே. பிரிட்டன் தீவின் பழங்குடியினரைப் பின்வந்த சாக்சானியர் ‘வேல்ஷ்’ என்றனர். அயலார் என்பது பொருள். வீட்டுக்கு வந்தவன் வீட்டுக்காரனை அயலான் என்ற கதை இது.

இக்குற்றம் ஐரோப்பியர்க்கே உரியது என்று எண்ணிவிடல் கூடாது. தம் மொழி அறியாதார் பேச்சு ‘பர் பர்’ என்று செவியிற் பட்டமையால் கிரேக்கர் பிறரைப் ‘பார்பரோஸ்’ என்றனர். நம் முல்லைப்பாட்டில் அரசன் பாசறையிற் காவல் நிற்கும் மிலேச்சர் நாவாற் பேசாது உடலசைவாற் பேசுவோராகக் காட்டப்படுகின்றனர். அவர்க்கும் தாய்மொழி ஒன்று இருந்திருக்கும், தாலாட்டும் இருந்திருக்கும். கேட்கும் செவி அங்கில்லை, அவ்வளவே. நாமும் பிறர் வாயில் அகப்பட்டிருக்கின்றோம். 1578 இல் கொல்லத்தில் அச்சான தமிழ் நூலின் முகப்பில் போர்த்துகீசியர் நம் மொழியை ‘மலவார்’ என்றும் குறித்தனர். இலங்கையில் ஒல்லாந்தரும் பின்வந்த ஆங்கிலேயரும் தமிழரை நெடுங்காலம் ‘மலபாரியர்’ என்றே எழுதினர். நமக்கு நூல்கள் இருந்தன. அவற்றைக் காத்த ஏடுகள் இருந்தன. நாம் தமிழர் என்று உரைக்க வாயும் இருந்தது. ஆதலின் அப்பெயர் உதிர்ந்தது. கார்த்தேஜ் மக்களுக்கு அவ்வாய்ப்பு இல்லை.

“சொற்கள் தம் பிறப்பை மறந்துவிட்டன, வாண்டல் என்பவன் வாண்டலரை நினைத்தா சொல்கின்றான்? இறந்தவர்க்கு இதனால் என்ன இழப்பு?” என்று நண்பர் ஒருவர் என்னிடம் வாதிட்டார். இறந்தவர்க்கு இழப்பில்லை என்பதை நானும் ஒப்புகின்றேன். இழப்புப் படிக்கும் நமக்கே. ஐந்தாம் நூற்றாண்டு வரலாற்றை ஒரு மாணவன் திறக்கும்போது, அவ்வினத்தாரைப் பற்றி ஒரு வரியும் படிக்குமுன்னரே அவர்தம் பெயர் அவன் செவியில் தீர்ப்பைக் கூறிவிடுகின்றது. பிறகு அவன் சான்றைத் தேடுவதில்லை. தீர்ப்புக்கு ஏற்ற சான்றையே தேடுகின்றான். செத்த இனத்தின்மீது பழகிய நாக்கு, பக்கத்து ஊரின்மீதும் அவ்வாறே புரளும். என் நாக்கு அங்ஙனம் புரண்டதை முன்னரே கூறினேன்.

ஆங்கிலேயர் தம் அகராதியைத் திருத்துவது அவர்கள் பாடு. நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. மொழிபெயர்ப்போர் சிலர் இப்பெயர்களை அப்படியே தமிழெழுத்தில் இறக்குகின்றனர். ‘வாண்டலிசம்’ என்று எழுதுவானேன்? பாழ்படுத்துதல் என்று நம்மிடம் சொல் உண்டு. கலைநயம் அறியாதவன், சுகவாசி, மந்தமதியினன், நம்பிக்கைத் துரோகம் ஆகிய அனைத்தும் எவர் ஊரையும் இழுக்காமல் தமிழில் சொல்லப்படுவனவே. இவை செயலையும் குணத்தையும் மட்டுமே சுட்டுகின்றன. பிறர் பகையை விலைகொடுத்து வாங்கி நம் மொழியில் குடியேற்ற வேண்டிய தேவை நமக்கு இல்லை. வரலாற்று நூலில் மட்டும் பொயோட்டியர், பெலிஸ்தியர், வாண்டலர் என்று அவர்தம் பெயராகவே எழுதுவோம்.

ஓய்வு பெற்ற பின் என்னிடமுள்ள பழைய ஆங்கில அகராதியின் ஓரங்களில் கரிக்கோலால் சில குறிப்புகளை எழுதி வருகின்றேன். ‘பியோஷியன்’ என்ற சொல்லுக்கு எதிரே ஹெசியட், பிண்டார், புளுட்டார்க் என்று எழுதியுள்ளேன். ‘சாலிசிசம்’ என்பதற்கு எதிரே கிரிசிப்பஸ். ‘வாண்டல்’ என்பதற்கு எதிரே, எருசலேம், கி.பி. 70. ‘பியூனிக்’ என்ற சொல் பக்கத்தின் அடியில் அமைந்துவிட்டது. அங்கு எழுத இடம் போதவில்லை. அதற்கு மட்டும் தனித்தாள் ஒன்றை ஒட்டி வைத்திருக்கின்றேன்.